சொதி சிந்தாத வண்டி

கொழும்பு வெள்ளவத்தையில், பெரிய காலி வீதியில் ஏறும் அந்தச் சின்ன ஒழுங்கைக்காரருக்கு, எந்த வீட்டில் என்ன சமையல் என்று அறிய மூக்கு ஒன்றே போதும். ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் மூக்கும் தேவைப்படவில்லை. சொதி தெருவிலேயே ஓடியது.

நல்ல மஞ்சள் சொதி. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் மணக்க மணக்க, ஒழுங்கை முகப்பிலிருந்து இறங்கி வடிகானைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காகங்கள் ருசி பார்த்தன. குறை ஒன்றும் சொல்லவில்லை.

யன்னல்கள் திறந்தன. இந்த ஒழுங்கையில் மணி அடித்தால் கதவு திறக்க நேரமாகும். ஏதாவது கவிழ்ந்தால் யன்னல் உடனே திறக்கும்.

“மூண்டாந்தரம்!” என்றது ஒரு யன்னல்.

“பிழை. நாலாந்தரம். போன செவ்வாய்க்கிழமையை விட்டிட்டியள்,” என்றது எதிர் யன்னல்.

எதிர் யன்னல் சொன்னதுதான் சரி.

கவிழ்ந்தது உஷாந்தி வீட்டு வண்டி. உஷாந்திக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா ரஜனி, அதிகாலையில் எழும்பி இடியப்பம் அவித்து, சொதியும் சம்பலும் செய்து, சுற்றியிருக்கிற மாடிவீடுகளுக்குக் கொடுப்பவர். அப்பா ராகுலன், புதுக்கடை நீதிமன்றப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரின் கிளாக்கர். கந்தோருக்குப் போகமுன் சைக்கிளில் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை.

முன்பெல்லாம் சொதி ஓட்டோவில்தான் போனது. ஒருநாள் சீற்றில் கொஞ்சம் சிந்திவிட்டது. அதைப் பார்க்காமல் அடுத்ததாக ஏறி உட்கார்ந்தவர் வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ஓட்டோக்காரர்கள் சொதிப் பாத்திரத்தைத் தூரத்தில் கண்டாலே, “வேற ஹயர் இருக்கு” என்று பறந்துவிடுவார்கள்.

ஆகவே அப்பா ஒரு சின்ன ட்ரெய்லர் செய்தார். பலகைப் பெட்டி. அதற்குக் கீழே, உஷாந்தி சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளின் இரண்டு சில்லுகள். பெட்டிக்குள் இடியப்பத் தட்டுகள். நடுவில் மூடி போட்ட உயரமான சொதிக் கான். பெட்டியிலிருந்து ஒரு இரும்புக் கம்பி நீண்டு, சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஒரு போல்டில் கொழுவியிருக்கும். சைக்கிள் இடது பக்கம் திரும்பினால் வண்டியும் திரும்பும். வலது பக்கம் திரும்பினாலும் திரும்பும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கம்பியைச் செய்து கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா மாமா. இளைப்பாறிய இன்ஜினியர். அவர் கட்டிய பாலம் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை. கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லுவார்.

இப்போது அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கவிழ்ந்த வண்டியை ஒரு வைத்தியர் மாதிரிப் பார்த்தார்.

“பெலன் காணாது, ராகுலன். இன்னொரு இரும்பு வைச்சு ஒட்டுவம்.”

“மாமா, ஏற்கெனவே மூண்டு இரும்பு ஒட்டியாச்சு.”

“அப்ப நாலு.”

ஒவ்வொரு தடவை வண்டி கவிழ்ந்தபோதும் மாமா ஒவ்வொரு இரும்பு ஒட்டினார். இப்போது அந்தக் கம்பியில் ஒரு யானையைக் கட்டி இழுக்கலாம். சொதியைத்தான் இழுக்க முடியவில்லை.

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் மயிலம்மா வேலைக்குப் போகிற வழியில் நின்றார். மலையகத்து அட்டன் பக்கத்திலிருந்து வந்து புடவைக்கடையில் வேலை செய்பவர். அவருக்கு இரும்பில் நம்பிக்கை இல்லை.

“இரும்பெல்லாம் சும்மாங்க. கண்ணு பட்டிருச்சு. அதான் போன வாரமே எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிவிட்டேனே, அது எங்க?”

அது சொதியில் மிதந்துகொண்டிருந்தது.

“பறவாயில்லை, சொதிக்கு எப்பிடியும் தேசிக்காய்ப் புளி விடத்தானே வேணும்,” என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்பாவும் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா தெருவில் நின்று கானைப் பார்த்தார். அதன் அடியில் இரண்டு கரண்டிச் சொதி மிஞ்சியிருந்தது.

“காணும், போதும்,” என்றார் மெல்ல. “சரோஜினிதேவி டீச்சருக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை என்னால ஏலாதெண்டு சொல்லப்போறன். இதோட இந்த இடியப்ப வேலையும் காணும்.”

உஷாந்தி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

சரோஜினிதேவி டீச்சர் கடற்கரைப் பக்கம் புதிதாக ஒரு மாடிவீடு வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை குடிபுகப் பால் காய்ச்சு. நூற்றிருபது பேர். எல்லோருக்கும் ரஜனியின் இடியப்பம்தான் வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு வந்த முதல் பெரிய ஓடர் அது. அம்மா பயந்தார். “எடுங்கோ அம்மா! வண்டி இருக்குத்தானே,” என்று உஷார் ஏற்றியது உஷாந்திதான்.

அந்த வண்டி இப்போது சில்லு மேலே தெரியக் கிடந்தது.

“அம்மா, நாளைக்குப் பின்னேரம் மட்டும் பொறுங்கோ. அதுக்குப் பிறகு போன் எடுங்கோ,” என்றாள் உஷாந்தி.

“நாளைக்கு என்ன புதினம் நடக்கப் போகுது?”

அது உஷாந்திக்கும் தெரியாது. சொதியைத் துடைக்க மொப்பை எடுத்து வந்தாள்.

அந்த மொப் அவர்கள் வீட்டின் இன்னொரு துன்பம். அதன் பிடி, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் போன மாதிரியானது. இழுத்தால் நீளும். ஆனால் இறுக்கவே இறுகாது. கையை எப்படித் திருப்பினாலும் மேல்குழாய் மட்டும் சுற்றும். கீழே துணி அசையாமல் கிடக்கும்.

உஷாந்தி திருப்பினாள். மேல்குழாய் சுற்றியது. துணி அசையவில்லை. மறுபக்கம் திருப்பினாள். துணி அசையவில்லை.

“சனியன் மொப்!” என்றாள்.

சொல்லிவிட்டு ஒருகணம் நின்றாள். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை திட்டவில்லை.

பிறகு வீதியைப் பார்த்தாள். சொதி எல்லாம் இடது பக்கத்தில் கிடந்தது. முகப்பு மதிலைப் பார்த்தாள். பழைய மஞ்சள் கறைகள். அவையும் இடது பக்கம்.

வண்டி ஏன் விழுந்தது என்று ஒழுங்கையே கதைத்தது. எந்த நேரத்தில் விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“அப்பா, வண்டி ஓடேக்க விழுந்ததோ, நிக்கேக்க விழுந்ததோ?”

அப்பா யோசித்தார். “நிக்கேக்கதான். காலி வீதிக்கு ஏற முன்னம் பஸ் வருதோ எண்டு பார்க்க நிண்டனான்.”

“நிண்டு, இடது காலை ஊண்டினீங்களோ?”

“ஓம். எப்பவும் இடது கால்தானே.”

“காலை ஊண்டினா சைக்கிள் சரியும்!”

“சைக்கிள் சரியாமல் கால் எப்பிடி நிலத்தில முட்டும்?” என்றார் அப்பா. பிறகு அவரும் ஒருகணம் நின்றார்.

அன்று பள்ளிக்கூடத்தில் உஷாந்தி கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் மொப் படம் வரைந்தாள். நல்லவேளை, டீச்சர் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார்.

பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் மாமா வீட்டுக் கேற்றைத் தட்டினாள். ஒரு கையில் மொப்.

“என்ன பிள்ளை, வீடு துடைக்க வந்தனியோ?”

“இல்லை மாமா. உங்கட உதவி வேணும். சைக்கிளைப் பிடிச்சு மெல்லச் சரிக்கிறீங்களோ? ஆனா வண்டியைப் பாருங்கோ.”

மாமா உஷாந்தி வீட்டு முற்றத்துக்கு வந்து, வண்டி கொழுவியிருந்த சைக்கிளை இடது பக்கம் சரித்தார். வண்டியின் வலது சில்லு நிலத்தை விட்டு எழும்பியது. இன்னும் சரித்தார். சில்லு இன்னும் எழும்பியது. ஒரு பூனை காலைத் தூக்கி நடக்கிற மாதிரி வண்டி ஒற்றைச் சில்லில் நின்றது.

“அட!” என்றார் மாமா.

“சைக்கிள் சரிய, கம்பி வண்டியையும் பிடிச்சுச் சரிக்குது. உங்கட கம்பி ஒருநாளும் முறியேல்லை மாமா. வளையக்கூட இல்லை. அவ்வளவு பெலம். அதுதான் வண்டி தப்ப ஏலாமல் இருக்கு.”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைக் கேட்டு இரண்டு யன்னல்கள் திறந்தன.

உஷாந்தி மொப்பின் ஒரு நுனியை அவரிடம் கொடுத்தாள். “இதை ஆட்டாமல் பிடியுங்கோ.” மறு நுனியைச் சுற்றினாள். அவள் பக்கம் சுற்றியது. மாமாவின் பக்கம் அசையவில்லை.

“கம்பிக்கு நடுவில இப்பிடி ஒண்டு இருந்தால், சைக்கிள் சரியட்டும், வண்டி நேராய் நிக்கும். ஆனா…” உஷாந்தி இழுத்தாள். “உங்கட கம்பியை வெட்டவேணும்.”

“வெட்டவோ! நாலு கிழமை வேலை, பிள்ளை!”

“தெரியும் மாமா. அதாலதான் கேட்டு வெட்டலாமெண்டு வந்தனான்.”

மாமா கம்பியைத் தடவிப் பார்த்தார். சைக்கிளை இன்னொரு தடவை சரித்தார். சில்லு எழும்பியது. பெருமூச்சு விட்டார்.

“சரி. ஆனா வெட்டுற இடத்தை நான்தான் குறிச்சுத் தருவன். கோணலாய் வெட்டினால் எனக்கு நித்திரை வராது.”

வியாழன் பின்னேரம் மூன்று பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிஸாம் நானாவின் கராஜுக்குப் போனார்கள். காலி வீதியில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிற சின்ன இடம். அப்பா கந்தோரிலிருந்து அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டார். வழக்கறிஞரிடம் என்ன காரணம் சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பலர் முயன்றார்கள்.

நிஸாம் நானா கம்பியைப் பார்த்துக் கண்ணை விரித்தார்.

“இது என்னத்துக்கு இவ்வளவு இரும்பு? கப்பல் கட்டவா?”

மாமா வேறு பக்கம் பார்த்தார்.

“நானா, இதை நடுவில வெட்டி, மொப்பு மாதிரிச் சுத்தப் பண்ணவேணும்,” என்றாள் உஷாந்தி.

“மொப்பு மாதிரியா? மகள், முப்பது வருஷமா வேலை செய்றன். மொப்பு மாதிரி செஞ்சி தாங்கன்னு யாரும் வந்ததில்ல.”

ஆனாலும் தேடினார். பழைய இரும்புக் குவியலுக்குள்ளிருந்து ஒரு சாண் நீளத் தண்ணீர்க் குழாய் ஒன்று வந்தது. அதற்குள் இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் போகக்கூடிய பெருவிரல் மொத்தப் போல்ட் ஒன்றும் வந்தது. மாமா சோக்கால் குறித்த இடத்தில் கம்பி இரண்டானது. வெட்டும்போது மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

குழாயைக் கம்பியின் நுனியோடு நுனியாக ஒட்ட நிஸாம் நானா ஆயத்தமானார்.

“நானா, பொறுங்கோ! அப்பிடி ஒட்டினால் போல்டின்ர மற்ற நுனி எங்கால வெளியில வரும்? நட்டு எங்க பூட்டுறது?”

நிஸாம் நானா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “அதுவும் சரிதான்.” குழாயை வண்டிப் பக்கத்துக் கம்பிக்குக் கீழே, பக்கவாட்டில் வைத்து ஒட்டினார். இப்போது குழாயின் இரண்டு வாயும் திறந்திருந்தன. சைக்கிள் பக்கத்துக் கம்பியில் போல்டின் தலையை ஒட்டினார். கிறீஸ் பூசி, போல்டைக் குழாய்க்குள் தள்ளினார்.

“சுத்துது!” என்று உஷாந்தி துள்ளினாள்.

அப்பாவுக்கு அவசரம். நட்டுப் பூட்டமுன்னரே சைக்கிளில் ஏறி ஓடத் தொடங்கினார். சைக்கிள் போனது. அப்பா போனார். வண்டி மட்டும் கராஜ் வாசலில் நின்றது. அடுத்த கடைவரை போய், “எப்பிடி, நல்லாய் வருதோ?” என்று திரும்பாமலே கேட்டார்.

“மிச்சம் நல்லா வருது! நீங்க கொழும்பு கோட்டைக்கே போங்க!” என்று கத்தினார் நிஸாம் நானா. மாமாகூடச் சிரித்துவிட்டார்.

பிறகு வாஷர் போட்டு நட்டை இறுக்கினார்கள். உடனே போல்ட் சுற்ற மறுத்தது.

“கொஞ்சம் தளர்த்துங்கோ,” என்றாள் உஷாந்தி. தளர்த்தியதும் சுற்றியது. ஆனால் பத்துத் தடவை சரித்து நிமிர்த்தியதும், நட்டும் சேர்ந்து சுற்றி மெல்ல மெல்ல வெளியே வரத் தொடங்கியது. இறுக்கினால் சுற்றாது. தளர்த்தினால் நில்லாது.

வெளியே இருட்டத் தொடங்கியது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார் என்று உஷாந்திக்குத் தெரியும்.

அப்போது மாமா தொண்டையைச் செருமினார். “நிஸாம், அதே அளவில இன்னொரு நட்டு இருக்கோ? முதலாவதைத் தளர்வாய் விட்டிட்டு, ரெண்டாவதை அதுக்கு மேல போட்டு, ரெண்டையும் ஒண்டோடொண்டு இறுக்கு. ரெண்டு பேரும் முட்டிக்கொண்டு நிண்டால் ஒருத்தரும் அசைய மாட்டினம்.”

இரண்டு நட்டும் இறுகின. போல்ட் சுற்றியது. இருபது தடவை சரித்தார்கள். நட்டு அசையவில்லை.

“மாமா, இது உங்கட ஐடியாதான் பெஸ்ட்,” என்றாள் உஷாந்தி. அது முகத்துதி இல்லை. உண்மை. மாமாவுக்கு முகம் நிறையச் சிரிப்பு.

“இனிச் சொதியை ஏத்திப் பார்ப்பம்,” என்றார் அப்பா.

“சொதி வேண்டாம் அப்பா! தண்ணி!”

நான்கு தடவையும் அவர்கள் நேரே சொதியோடுதான் ஓடிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று இன்ஜினியருக்கும் தோன்றவில்லை, கிளாக்கருக்கும் தோன்றவில்லை.

கானில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினார்கள். உஷாந்தி மூடியைக் கழற்றிவிட்டாள். வீடுவரை அப்பா ஓட, மற்ற இருவரும் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஒழுங்கை முகப்பில் அப்பா பிறேக் பிடித்தார். இடது காலை ஊன்றினார்.

சைக்கிள் சரிந்தது. வண்டி நேராக நின்றது.

தண்ணீர் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அடங்கியது.

கேற்றடியில் அம்மா நின்றார். கையில் போன் இருந்தது. வண்டியைப் பார்த்தார். கானுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னொருக்காச் சரிச்சுக் காட்டுங்கோ,” என்றார்.

காட்டினார்கள்.

“இன்னொருக்கா.”

ஐந்தாம் தடவைக்குப் பிறகு அம்மா போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “தேங்காய் துருவ வேணும். ஆர் வாறியள்?”

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டி புறப்பட்டது. இடியப்பத் தட்டுகள் அடுக்கடுக்காக. நடுவில் சொதிக் கான், வாய்வரை. யன்னல்கள் எல்லாம் முன்னதாகவே திறந்திருந்தன. மயிலம்மா ஒரு பிடி உப்பும் மிளகாயும் எடுத்து வண்டியை மூன்று முறை சுற்றினார்.

“இரும்பும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டுங்க. ரெண்டும் சண்ட போடாது.”

அம்மாவும் உஷாந்தியும் வண்டியின் இரு பக்கமும் நடந்தார்கள். பின்னால் மாமா, விழுந்தால் பிடிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

காலி வீதியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அப்பா பிறேக் பிடித்தார். ஊன்றிய கால், பள்ளத்தில் விழுந்தது. சைக்கிள் எப்போதையும்விடக் கூடுதலாகச் சரிந்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உஷாந்தி மூடவில்லை. போல்ட் குழாய்க்குள் வழுக்கிச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டியின் இரண்டு சில்லும் நிலத்தில் இருந்தன.

ஒரு பொலிஸ்காரர் கிட்ட வந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

“இந்தி ஆப்ப, சேர். கிரி ஹொதி,” என்று இடியப்பத்தையும் சொதியையும் சிங்களத்தில் சொன்னார் அப்பா.

பொலிஸ்காரர் குனிந்து மணந்து பார்த்தார். முகம் இளகியது. விளக்குப் பச்சைக்கு மாறமுன்னரே, எதிரே வந்த பஸ்ஸை மறித்து அவர்களை அனுப்பிவிட்டார்.

டீச்சரின் வீடு ஏழாம் மாடியில். லிப்ட் நல்லவேளையாக வேலை செய்தது. புதிய குசினியில் அம்மா கானின் மூடியைத் திறந்தார். சொதி, வீட்டில் ஊற்றிய அளவிலேயே இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் உஷாந்தியின் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டார். தன்னுடைய முகத்தைத் துடைக்க மறந்துபோனார்.

முன்னறையில் பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“ரஜனி, நீங்கள் பரிமாற வேண்டாம். பரிமாற என்ர ஆக்கள் நிக்கினம். நீங்கள் நாலு பேரும் முதல்ல இருங்கோ,” என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார்.

ஊருக்கெல்லாம் காலைச் சாப்பாடு கொடுக்கிற அம்மா, காலையில் ஒரு தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொள்பவர். இன்றைக்குத்தான் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்தார். யாரோ இடியப்பம் வைத்தார்கள். யாரோ சொதி ஊற்றினார்கள். அம்மா குழைத்து ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடி மென்றார்.

“உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றார்.

உஷாந்திக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அவள் அதற்குள் ஏழாவது இடியப்பத்துக்கு இலையில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.